அத்தைக்கு நான் எழுதிய பதில்

பக்கத்துக் காம்பராக் கதவை நான் எட்டி உதைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பச்சை வர்ணம் உரிந்த பலகைக் கதவு. அதில் தொங்கிய பூட்டு இரண்டு தரம் ஆடி நின்றது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில்தான் என் கூட்டாளி இருந்தாள். அவள் வீட்டில் பாதி நாள் சாப்பாடு எனக்கு, எங்கள் வீட்டில் பாதி நாள் தூக்கம் அவளுக்கு. இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அவளைத் தோட்டத்து லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டதும் குண்டசாலையிலிருந்த மாமா வீட்டுக்கு உடம்பு தேற அனுப்பிவைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் கதவில் பூட்டு.

"அவுங்க எல்லாரும் இந்தியாவுக்குப் போயிட்டாங்க கண்ணு" என்றாள் அம்மா.

அந்த வருஷங்களில் அது யாரும் நம்பக்கூடிய பதில்தான். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, கப்பல் பிடிக்கக் குடும்பம் குடும்பமாக டிரங்குப் பெட்டிகளோடு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பாஸ்போட் வந்துவிட்டது எனக்குத் தெரியும். ஆனால் போகிற நாளில் நான் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், கடைசிப் பெட்டி மறையும்வரை கையசைக்க வேண்டும் என்று எத்தனை தரம் பேசி வைத்திருந்தோம்! ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகக்கூடவா அவளுக்கு நேரமில்லை?

ஐந்து மாதம் அவளைத் திட்டித் தீர்த்தேன். வகுப்பில் அவள் இருந்த வாங்கில், அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் புத்தகத்தில் அவள் எழுதியிருந்த அவள் பெயரைப் பிளேடால் சுரண்டினேன். தாள் கிழிந்து ஓட்டையானது. ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் எல்லோருக்கும் முன்னால், "அவ போன கப்பல் முழுகிப் போகட்டும்" என்றேன். அம்மா குடத்தை வைத்துவிட்டு வந்து பளாரென்று அறைந்தாள். அங்கே நின்ற பெண்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் லயத்தில் பெரியவர்கள் அநேகமாக யாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. கடுதாசி வந்தால் வாசிப்பது நான், பதில் எழுதுவதும் நான். ஆனி மாதக் கடைசியில் ஒரு மாலை இந்திய முத்திரை ஒட்டிய கடுதாசி ஒன்றை அம்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அத்தை, அதாவது என் கூட்டாளியின் அம்மா, யாரிடமோ சொல்லி எழுதுவித்தது. சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தான் சொன்ன பொய்யே மறந்துபோய்விட்டது. அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "சத்தமா படி" என்றாள்.

படித்தேன். சுகம் விசாரித்திருந்தது. வெயில் தாங்கவில்லை என்று இருந்தது. பிறகு இப்படி: "மதினி, ஆடி வெள்ளி வருது. எம்மக குழிமேட்டுல மறக்காம வெளக்கு வையி. வெள்ளிக்கு வெள்ளி வைக்கிறேன்னு நீ குடுத்த வாக்க நம்பித்தான் அவளத் தனியா விட்டுட்டுக் கப்பல் ஏறினேன்."

அத்தைக்கு இருந்தது ஒரே மகள்.

"போதும் புள்ள, மடிச்சு வையி" என்றார் யாரோ. நான் மடிக்கவில்லை. அதே வரியை மறுபடியும் சத்தமாகப் படித்தேன். அவள் கண்டி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே இறந்துபோயிருந்தாள். எங்கள் தோட்டத்து மண்ணிலேயே புதைத்திருந்தார்கள். கப்பல் தேதியை மாற்ற முடியாமல், நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மற்றவர்கள் போய்விட்டார்கள். இது முழு லயத்துக்கும் தெரியும். என் வயசுப் பிள்ளைகளைக்கூட மிரட்டி வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.

"காச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ள. நீ தாங்கமாட்டேன்னு ஒனக்காகத்தான் சொல்லல" என்றாள் அம்மா. அந்த 'ஒனக்காகத்தான்' எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போனவளை ஐந்து மாதம் என் வாயாலேயே சபிக்க வைத்தது எனக்காகவா? அதைவிட மோசம், விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போகிறாய் என்று நான் கேட்பேனாம்; அதற்குப் பயந்து அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூட அங்கே போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நானே தேடிப் போனேன். இடுப்பளவு மானாப்புல். எது அவளுடைய மேடு என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு அம்மா பதில் எழுதச் சொன்னாள். "வெள்ளிக்கு வெள்ளி தவறாம வைக்கிறோம்னு எழுது. கேட்டா அவ மனசு ஆறும்." நான் எழுதினேன்: "அத்தை, ஒரு நாளும் விளக்கு வைக்கவில்லை. புல் மூடிக் கிடக்கிறது. இடமே தெரியவில்லை. அம்மா உங்களை ஏமாற்றிவிட்டாள்." எழுதியதை வாசித்துக்காட்டச் சொன்னபோது, அம்மா சொன்னபடியே வாசித்துக்காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்க" என்றாள். நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். அம்மாவைப் பழிவாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அது போய்ச் சேர்ந்தது பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில்.

அத்தையிடமிருந்து அதற்குப் பிறகு கடுதாசி வரவில்லை.

வேலை கிடைத்து நான் கண்டிக்கு வந்தபோது அம்மாவையும் கூட்டிவந்தேன். கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். கேட்டுக்கொண்டே இருப்பாள்: "மதினி ஏன் ஒரு கடுதாசிகூடப் போடல? நாம என்ன கொறை வச்சோம்?"

"அட்ரஸ் மாறியிருக்கும்மா" என்பேன். அவள் தாங்கமாட்டாள்.