செவலைக்குச் சொன்னது

எங்கள் அம்மாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் ஏசாமல் ஒரு நாளும் போனதில்லை. அம்மா எங்கள் செவலைப் பசுவிடம் பேசுவாள், அது சித்தப்பாவுக்கு. சித்தப்பா தன் நாயிடம் பேசுவார், அது அம்மாவுக்கு. நடுவில் இருப்பது இடுப்பளவு உயரமுள்ள ஒரு சுவர். சாடைப் பேச்சு என்று இதற்குப் பெயர். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் ஒரு பலா மரத்தால் வந்தது. பாகம் பிரித்தபோது மரம் சித்தப்பா பக்கம் போனது. வேர் அவருடையது, சாய்வு எங்களுடையது. சில வருடங்களுக்கு முன் வந்த பெரிய புயலில் சுற்று வட்டாரத்தில் பலா, தென்னை என்று எதுவும் மிஞ்சவில்லை. இந்த ஒரு மரம் மட்டும் இன்னும் கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்ந்து, நின்றுவிட்டது. அப்போது சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார். சித்தி இலுப்பூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். இங்கே அடித்த அடியை இரண்டு பேருமே பார்க்கவில்லை. திரும்பி வந்த சித்தப்பாவுக்கு, நின்ற மரம்தான் கண்ணில் பட்டது. ஏதோ தானே முட்டுக் கொடுத்து நிறுத்தியதைப் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த கோடையில் எங்கள் பக்கம் விழுந்த ஒரு பழத்தை அம்மா அறுத்துத் தெருவுக்கே பங்கு வைத்தாள். மறுநாள் காலையில் சித்தப்பா சுவரோரம் நின்று நாயைப் பார்த்து, “களவாணி” என்றார். நாய் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நானும் பேசக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. என் கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தார், சாப்பிட்டார், மொய் எழுதினார், ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

போன மழைக்காலத்தில் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆபரேஷன் செய்துதான் மகளை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து தையல் வலி அடங்குவதற்குள் புயல் என்றார்கள். வீட்டின் முன்பகுதி முழுக்க ஓடு. பின்னால், இன்னும் குவைத்திலேயே இருக்கும் அப்பா சம்பாதித்துக் கட்டிய ஒற்றை அறை மட்டும் கான்கிரீட். பலா மரம் சாய்ந்து நின்றது அந்த அறைக்கு நேர் மேலே. ஆக, காற்றுக்குத் தாங்கக்கூடிய ஒரே அறை, மரம் விழுந்தால் முதலில் நசுங்கும் அறை. அதில்தான் நானும், இன்னும் பெயர்கூட வைக்காத என் மகளும் கிடந்தோம்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய புயலில் அம்மா அங்கே இருந்திருக்கிறாள். அந்தக் கக்கூஸை நினைத்தே வரமாட்டேன் என்றாள். எனக்கும் தையலோடு சிமெண்டுத் தரையில் படுக்க முடியாது. திருமயத்திலிருந்து என் கணவர் போன் செய்து, வந்து கூட்டிப்போகவா என்று கேட்டார். அவர் வீடும் ஓட்டு வீடுதான். “வேணாம்” என்றேன். “அப்போ எச்சரிக்கையா இரு” என்றார். படுத்தே கிடப்பவள் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்த வழி, சாய்ந்த கிளையை வெட்டி மரத்தின் பாரத்தைக் குறைப்பது. அதற்கு மரத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். அம்மா காலையிலேயே மாட்டிடம் போனாள்.

“ஏ செவலை, தலைக்கு மேல எமனாட்டம் ஒரு கெளை நிக்கிது. பச்ச ஒடம்புக்காரி உள்ள படுத்துருக்கா. மனுசனாப் பொறந்தவன்னா அதை வெட்டி விடுவான். ஒன்னையச் சொல்லி என்ன செய்ய, நீ மாடு.”

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா நாயிடம் பதில் சொன்னார். “பெரிய புயலுக்கே அசையாத மரம்டா இது. காய்க்கிற மரத்துல அருவா வைக்கச் சொல்ற குடும்பம் வெளங்குமாடா?”

“தெருவுல பொணம் விழுந்தாத்தான் சில பேருக்குக் கண்ணு தெறக்கும், செவலை.”

“கெடக்குறது கெடக்கட்டும், நீ வாடா சாப்புட.”

நான் படுக்கையிலிருந்து கத்தினேன். “ரெண்டு பேரும் நேராப் பேசித் தொலைங்களேன்.”

“தையல் பிரிஞ்சுறப் போகுது, வாயை மூடிக்கிட்டுப் படு” என்றாள் அம்மா. நேராக ஏசுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே ஆள் நான்தான்.

அதன் பிறகு அம்மா வீட்டையே தண்டிப்பதைப் போல வேலை செய்தாள். கரண்டு போனால் மோட்டார் ஓடாது என்று டிரம், அண்டா, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வரைக்கும் தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொரு குடத்தையும் நங்கென்று வைத்தாள், பிள்ளை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டு அழுதது. மில்லில் கூட்டம் நெரிகிறது என்று தெரிந்தும் போய் நின்று மாவு அரைத்து வந்தாள். போன புயலில் வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல், பிரிட்ஜில் இருந்ததெல்லாம் நாறி, ரோட்டில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு அடித்துக்கொண்டதை அவள் மறக்கவில்லை. எமர்ஜென்சி விளக்கு, பவர் பேங்க், என் போன், தன் போன் எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் சொருகினாள். கக்கூஸ் கூரைத் தகரத்தின் மேல் மணல் மூட்டை ஏற்றினாள். சாமி படங்களைக் கழற்றி என் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். கடைசியில் கட்டிலையும், என்னையும், பிள்ளையையும் சேர்த்து மரம் இல்லாத பக்கத்து மூலைக்குத் தள்ளினாள். பீரோவைத் தள்ளுவதாக இருந்தால்கூட ஒரு வார்த்தை கேட்டிருப்பாள், என்னைக் கேட்கவில்லை. எனக்குக் காதில் பஞ்சு, தலையில் துண்டு, வாயில் பூண்டு. நெஞ்சில் மட்டும் எரிச்சல் குறையவில்லை. பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. அதை அம்மாவிடம் சொல்ல முடியாததால் எல்லாவற்றுக்கும் கோபப்பட்டேன்.

எல்லாம் முடிந்ததும் செவலையின் கயிற்றை அவிழ்த்து விட்டாள். போன புயலில் கட்டிப்போட்ட மாடுகள்தான் செத்தன. செவலை கொஞ்ச நேரம் புரியாமல் நின்றுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அருவாள் சத்தம் கேட்கிறதா என்று நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கரண்டை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் காற்று பிடித்துக்கொண்டது. முன்பகுதி ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று முற்றத்தில் விழுந்து உடைந்தன. மரம் முனகியது. கிளைகள் எங்கள் கூரையை உரசுவதும் விலகுவதும் மறுபடி உரசுவதுமாக இருந்தன. அம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, அதற்கு மேல் தன் உடம்பைக் குனிந்து கவிழ்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் சித்தப்பாவை நான் வாய்விட்டுச் சபித்தேன். அம்மா தடுக்கவில்லை.

அப்புறம் காற்று சட்டென்று நின்றது. ஒரு இலைகூட ஆடவில்லை. வெளிச்சம் வந்தது.

சித்தப்பாவின் குரல் கேட்டது. நாயிடம்தான். “புயல் கரையைக் கடந்துருச்சுன்னு செய்தி வந்துருச்சுடா. பாத்தியா, நம்ம மரம் நின்னுருச்சு. சில பேரு மூஞ்சியில கரியைப் பூசிருச்சு.”

கரையைக் கடந்தது. ஒவ்வொரு புயலுக்கும் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடந்தது என்றால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கடலில் இருப்பது கரையைக் கடந்தால் வேறெங்கே வரும்? நம் வாசலுக்குத்தான் வரும். போன புயலிலும் இப்படித்தான் நடுவில் அடங்கியது. எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தவர்களைத் திரும்பி அடித்த காற்றுதான் சாய்த்தது. அது எங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருந்தவருக்குத் தெரியாது.

அம்மா பிள்ளையை என் பக்கத்தில் போட்டுவிட்டுப் பின் கதவைத் திறந்தாள். கட்டிலில் இருந்தே எனக்குத் தெரிந்தது. சித்தப்பா தன் வீட்டில் ஏணியைச் சாத்தி, விலகிப்போன ஓடுகளைச் சரி பண்ணக் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தார். சித்தி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். இப்போதாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

“ஏ செவலை, எறங்குடி. காத்து திரும்பி அடிக்கும்டி. வீட்டுக்குள்ள வந்துருடி.”

செவலை அங்கே இல்லை. வெறும் கட்டுத்தறிதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாம வீட்டைச் சரி பண்ணுனாலும் சில பேருக்கு வயிறு எரியுதுடா” என்றார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை வருடமாக அந்தக் கட்டுத்தறி வழியாக அவருக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

“எறங்குடி சனியனே, செத்துத் தொலைவே” என்று அம்மா அலறினாள். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. அவர் இன்னொரு ஓட்டை எடுத்து வைத்தார்.

நான் பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு எழுந்தேன். தையல் இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து, அம்மாவைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.

“சித்தப்பா, கீழ எறங்குங்க. கரையைக் கடந்துருச்சுன்னா நம்மகிட்ட வருதுன்னு அர்த்தம். இன்னொரு காத்து இருக்கு, அங்கிட்டுருந்து அடிக்கும். சித்தியைக் கூட்டிக்கிட்டு இங்க வாங்க.”

அவர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சித்தப்பா என்று நான் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

“நெசமாவா பாப்பா?”

“பச்ச ஒடம்போட எந்திரிச்சு வந்து ஒங்ககிட்ட வெளையாடுறனா?”

அவர் இறங்கினார். இறங்கியவர் சித்தியோடு சுவரோரம் வந்து நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. கட்டுத்தறியைப் பார்த்து, “கதவு தெறந்துதான் கெடக்கு” என்றாள். அப்போதும் அப்படித்தான். அவளை அந்த இடத்திலேயே அறையலாம் போல இருந்தது எனக்கு.

சித்தியும் சித்தப்பாவும் சுவர் ஏறிக் குதித்து வந்தார்கள். நாயும் வந்து கட்டிலுக்கு அடியில் சாமி படங்களோடு படுத்துக்கொண்டது. கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் காற்று வந்தது. இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து. முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். ஏதோ கிழிவதைப் போலச் சத்தம் கேட்டது. நான் பிள்ளைமேல் கவிழ்ந்தேன். மரம் எங்கள்மேல் விழவில்லை. எங்கள் பக்கம் சாய்ந்தே நின்ற மரத்தைத் திரும்பி அடித்த காற்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. சித்தப்பாவின் வீடு ஓட்டோடும் உத்தரத்தோடும் இறங்கிய சத்தத்தை நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தபடியே கேட்டோம். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பாவின் கையில் அந்த ஓடு இன்னும் இருந்தது.

காற்று அடங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா அறை மூலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்து வரக்காப்பி போட்டாள். டம்ளரைச் சித்தப்பா முன்னால் தரையில் நங்கென்று வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. என் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

“ஏ குட்டி, மரத்தை அப்பவே வெட்டியிருக்கணும்னு ஒங்க அம்மாச்சிக்கிட்டச் சொல்லு.”

அம்மாவும் பிள்ளை பக்கம் திரும்பினாள். “ஒங்க தாத்தாகிட்டச் சொல்லுடி, சொன்னப்ப யாரு கேட்டா...”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பிறந்து கண் சரியாகத் திறக்காத பிள்ளையைச் செவலை இடத்திலும் நாய் இடத்திலும் கட்டப் பார்க்கிறார்கள்.

“எம் பிள்ளை வழியா ஒருத்தரும் பேசக்கூடாது” என்றேன். அவளைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நாய் கட்டிலுக்கு அடியில் தூங்கிவிட்டது. செவலை எங்கே நிற்கிறதோ தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் காப்பி டம்ளர் மட்டும்தான் இருந்தது.

சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு டம்ளர் தரையில் உரசும் சத்தம் வந்தது.

அம்மா தொண்டையைச் செருமினாள். “சீனி போதுமா?” என்று கேட்டாள்.

அதை மாட்டிடம் கேட்க முடியாது.

“கொஞ்சம் கம்மிதான், மதினி” என்றார் சித்தப்பா.

“இருக்குறதக் குடிங்க” என்றாள் அம்மா.