ஆணியிலிருந்து பட்டை வரை

கதவுக்கு மரம் அறுக்க ஆலைக்குத் துணைக்கு வரும்படி என் மகன் போன வாரம் செல்போனில் கூப்பிட்டான். மூட்டுவலி என்று சொல்லிவிட்டேன். மூட்டுவலி உண்மைதான், பதினெட்டுப் படி இறங்கினால் பதினெட்டு முறை வலிக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல.

அப்போது எனக்குப் பத்து வயது. அத்தைக்கு முப்பத்தேழு. ஒன்பது வரன்கள் தட்டிப்போன பிறகு, மனைவியை இழந்த ஒரு நாகர்கோவில்காரர் சம்மதித்திருந்தார். சீர்க் கட்டிலுக்காக ஆரியசாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற தேக்கை அப்பா வெட்டி ஆலைக்குக் கொண்டுபோனார்; நானும் கூடப் போனேன். மாப்பிள்ளையும் தம்பானூரில் பஸ் இறங்கி நேராக அங்கேயே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நாலாட்டுக் கீறினா சேதாரம் கூடும் கேட்டேளா. நடுத்தடியை உத்தரத்துக்கு விட்டுட்டுப் பாக்கியைப் பலகையா எடுப்போம்" என்றார் ஆலை மேஸ்திரி.

"என் தங்கச்சி கட்டிலு நாளைக்கு வளைஞ்சிரக் கூடாது வே. நாலாவே கீறும்" என்றார் அப்பா.

தடியை அதன் நடு நெஞ்சுவழியாக நான்காகப் பிளந்து, ஒவ்வொரு கால் துண்டிலும் நெஞ்சிலிருந்து பட்டை நோக்கிப் பலகை எடுப்பது அந்த முறை. அப்படி எடுத்த பலகை வளையாது. முதல் வெட்டு சுகமாக ஓடியது. இரண்டாவது வெட்டின் நடுவில் தீப்பொறி பறந்தது. ரம்பவாள் ஒரு அலறலோடு அறுந்து, மேஸ்திரியின் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது.

மரத்தைப் பிரித்தபோது உள்ளே ஒரு சாண் இரும்பாணி. அதன் தலையில் கறுப்பாக நாலைந்து முடி.

"யாரையோ தளைச்ச ஆணியாக்கும் இது" என்று மேஸ்திரி பின்வாங்கினார். பேய் பிடித்த பெண்ணின் முடியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்திலேயே நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"முன்ன இருந்தவனுவ அடிச்சதா இருக்கும்" என்றார் அப்பா. ஆணியைப் பார்க்காமலேயே சொன்னார்.

அறுத்த முகத்தில் மரத்தின் வருடங்கள் நேர்கோடுகளாகத் தெரிந்தன. வருடத்துக்கு ஒரு கோடு என்று பள்ளியில் படித்திருந்தேன். ஆணி அடித்த பிறகு மரம் அதை மூடி வளர்ந்த கோடுகளை, ஆணித்தலையிலிருந்து பட்டை வரை விரல் வைத்து எண்ணினேன்.

"பதினாறு வருசம்தான் அப்பா! நாம இந்த வீட்டுக்கு வந்து இருவத்திரெண்டு ஆச்சுல்லா?"

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். "பதினாறு வருசம் முன்ன உங்க வீட்டுல பொம்பளைன்னு யாரு மக்கா உண்டு?"

"அத்தை மட்டும்தான். அம்மை கல்யாணமாகி வந்தே பன்னெண்டு வருசம்தான் ஆச்சு."

கணக்கு சரியாக வந்த பெருமையில் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை, தமக்கென்று அப்பா வாங்கி வைத்த காப்பியைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போனார். அவர் மறுபடி வரவேயில்லை.

அன்று வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள், அத்தையைத் தவிர. அவள் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, மரம் நின்ற குழியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை எண்ணுன மக்கா?"

"பதினாறு."

"பதினேழு. ஒண்ணை விட்டுட்டே."

எனக்கு ரோஷம். மறுநாள் ஆலைக்கு ஓடிப்போய் மறுபடியும் எண்ணினேன். பட்டையை ஒட்டி மெலிதாக இன்னொரு கோடு இருந்தது. பதினேழுதான். ஆலைப் பக்கமே வராத அத்தை எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொன்னாள் என்று வீடு வந்து சேரும்வரை வியந்துகொண்டே நடந்தேன்.