கூரை தொடாத சுவர்

எங்க லயன், அந்த வரிசை ஊடுங்க, தேயிலைக்காகக் கட்டினதே இல்லீங்க. குன்னூருக்கு மேல, மலைச்சரிவுல வெள்ளைக் களிமண்ணு தோண்டின கம்பெனி ஒண்ணு தன் ஆளுங்களுக்குக் கட்டினது. மேட்டுல தொரை பங்களா, நடுச்சரிவுல கிளார்க்குமாருக்குக் குவார்ட்டர்ஸ், அடியில மண்ணு தோண்டின குழியைப் பாத்தாப்புல எங்க லயன். யாரு எவ்வளவு ஒசத்தின்னு ஊடு நிக்கற எடத்தைப் பாத்தே சொல்லீறலாம். களிமண்ணு தீந்ததும் கம்பெனி கெளம்பிப் போச்சு. குழியில மழைத்தண்ணி நின்னுச்சு, லயனைத் தேயிலை எஸ்டேட் வாங்கிக்கிச்சு.

ஆறு ஊடு, ஒரே ஓட்டுக் கூரை. ஊட்டுக்கு ஊடு நடுவுல இருக்கற சுவரு ஆள் ஒசரத்தோட நின்னுபோகும். செங்கல் மிச்சம் பண்ணியிருக்கான், கஞ்சப்பய! ஒரு ஊட்டுல மொளகாய் வறுத்தா ஆறு ஊட்டுலயும் தும்மல். ஒரு ஊட்டுச் சண்டை ஆறு ஊட்டுக்கும் கேக்கும். ஆனா ஒருத்தரும் கேட்ட மாதிரிக் காட்டிக்க மாட்டோம். அது எங்க லயன் மரியாதை.

தேயிலை வெலை படுத்துக் கெடந்த வருசம், கோயமுத்தூர்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பையனுக்கு லேத் பட்டறையில வேலை. காப்பி குடுக்கும்போது நிமிந்து பாத்தேன். அவ்வளவுதான், புடிச்சுப் போச்சு!

அப்பா பெரிய மனுசனாட்டம், "நீங்க தனியாக் கலந்து பேசுங்க"ன்னு எந்திரிச்சாரு. நாங்க எல்லாரும் பக்கத்து ஊட்டுல போயி உக்காந்தோம். தனியாவாம்! பொறந்ததுல இருந்து அங்கயே கெடந்ததுல, அது அரைச்சுவருங்கறதே எங்களுக்கு மறந்து போயிருந்துச்சு.

பையனோட அம்மா குரல் சுவரு மேல ஏறி வந்துச்சு. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. எஸ்டேட்டே இழுத்துட்டுக் கெடக்குது, இவங்க எங்க நகை போடப் போறாங்க? லெட்டர் போடறோம்னு சொல்லீட்டுக் கெளம்பலாம்."

அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அதைப் பாத்ததும் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மரியாதையாவது மண்ணாவது!

"நகை இல்லைதானுங்க! ஆனா எனக்கு உங்க பையனைப் புடிச்சிருக்குதுங்க!"ன்னு சுவரைப் பாத்துக் கத்தீட்டேன்.

மூணாவது ஊட்டு அக்கா சும்மா இருந்தாளா? "எங்களுக்கும் புடிச்சிருக்குதுங்க!" கடைசி ஊட்டுல இருந்து ஒரே சிரிப்பு.

"ஏனுங்க, இந்த ஊட்டுல எத்தனை பேருதான் இருக்கறீங்க?"ன்னாங்க பையனோட அம்மா.

"ஆறு ஊடுங்க"ன்னாரு அப்பா, பாவம், நெசத்தை.

அப்புறம் பையனோட குரல் வந்துச்சு, சிரிப்பை அடக்கிக்கிட்டு.

"அப்ப ஆறு ஊடும் கேட்டுக்கங்க. எனக்கும் புடிச்சிருக்குதுங்க. நகையெல்லாம் வேண்டாம்."