எலி மருந்தும் சுயம்புராஜ் அண்ணாச்சியின் ரத்தமும்

சுயம்புராஜ் அண்ணாச்சி சாவி வைத்திருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் ஓர் எறும்பு நுழைய வேண்டுமென்றாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நுழையும். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். எறும்புக்கு ஏது கையெழுத்து? கைநாட்டுதான் வைக்கும்.

நாகர்கோவிலில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் ஸ்டோர் கீப்பராக வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு இருபத்தாறு வருடம் கொட்டாரத்தில் உரக்கடை வைத்திருந்தார். நெற்றியில் தீபச்சுடர் போல வெள்ளை நாமம், இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணில் சந்தேகம். பூச்சி மருந்து கேட்டு வருகிறவனிடம், எந்தப் பூச்சிக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று வக்கீல் மாதிரிக் கேட்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்துக்கு என்ன விலை கொடுத்தாலும் வேப்பம் புண்ணாக்குதான் கிடைக்கும். விஷம் தனி அலமாரியில், பூட்டுக்குள், வேறு எதனோடும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். கடைசியில் கொட்டாரத்து வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனையானபோது பூச்சிகளுக்கு வேலை போயிற்று. கூடவே அண்ணாச்சிக்கும் போயிற்று.

கடை போனாலும் சட்டம் போகவில்லை. பரிசோதனைக் கூடத்திலும் ஒரு விஷ அலமாரி ஏற்படுத்தி, எறும்புப் பொடி, கரப்பான் மருந்து, பினாயில் எல்லாவற்றையும் அதில் சிறை வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பெங்களூரிலிருந்து ஒரு தெர்மகோல் பெட்டி வந்தது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லைப் படித்தார். ‘மவுஸ் ஆன்டி-ஹ்யூமன் சி.டி.3’ என்று போட்டிருந்தது. மவுஸ் என்றால் எலி. ஆன்டி-ஹ்யூமன் என்றால் மனிதனுக்கு விரோதம். இருபத்தாறு வருடம் லேபிள் படித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே விஷ அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஸ்மைலின் வந்தாள். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்கிற மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் அவள்.

“அண்ணாச்சி, நேத்து பெங்களூர் பார்சல் வந்தாச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்க அது?”

“பத்திரமா இருக்கு பிள்ளே. வெச அலமாரியில பூட்டியாச்சு.”

“வெச அலமாரியிலயா?”

“பின்னே? எலி மருந்த எங்க வைக்க? ஒனக்க டிபன் பாக்ஸுக்கு அடுத்தா?”

ஸ்மைலின் பில்லை வாங்கிப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள். “அய்யோ, இது எலிக்குக் கொடுக்க மருந்து இல்ல அண்ணாச்சி. எலி செஞ்ச மருந்தாக்கும்!”

“எலி மருந்து செய்யுமா? எந்தக் கம்பெனி எலி?”

அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். “நம்ம ரத்தத்துல வெள்ளையணு இருக்குல்லா, அதுல ஒரு வகைக்கு மேல சி.டி.3-ன்னு ஒரு ஏற்பி உண்டு, கொக்கி மாதிரி. அத எலி ஒடம்புக்குள்ள விட்டா, அத மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கிடுத ஒரு சாமானை எலி ஒடம்பு உண்டாக்கும். அதுதான் ஆன்டிபாடி. அதுல மினுங்குத சாயத்தச் சேத்து அனுப்புவாங்க. ரத்தத்துல கலந்து மெஷின்ல விட்டா, ஏற்பி இருக்க அணு மினுங்கும், இல்லாதது மினுங்காது. எத்தனை மினுங்குதுன்னு எண்ணிதான் ரிப்போர்ட் கொடுக்கோம்.”

“ஒட்டுததுக்குப் போய் விரோதம்னு பேரு வச்சிருக்கான். எவன் அவன் படிச்சவன்?”

“அது கெடக்கட்டும். பெட்டி மேல ரெண்டு டிகிரில இருந்து எட்டு டிகிரின்னு ஒட்டியிருக்கே, ஃப்ரிட்ஜுல வச்சிருக்கலாம்லா?”

“பாத்தேன் பிள்ளே. ஃப்ரிட்ஜுக்குள்ள என்ன இருக்கு? மனுச ரத்தம். மனுசனுக்கு விரோதமானத மனுச ரத்தத்துக்குப் பக்கத்துல வைக்கலாமா? நீயே சொல்லு.”

ஸ்மைலின் அலமாரிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

அதற்குள் டாக்டர் ராஜபாய் வந்துவிட்டார். அந்தக் கூடமே அவருடையது. விஷயத்தைக் கேட்டார், சிரிக்கவில்லை. “குளச்சல்ல இருந்து ஒரு பொம்பளைக்க ரத்தம் இப்பத்தான் வந்திருக்கு. ரிப்போர்ட்டப் பாத்துதான் சிகிச்சை ஆரம்பிப்பாங்க. பழைய குப்பி தீந்து போச்சு. இதுவும் கெட்டிருந்தா அடுத்தது வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவ என்ன செய்வா?”

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. ஆள் முகத்தைப் பார்த்து மருந்தை மறுத்தவர், இன்றைக்கு முகமே பார்க்காத ஒருத்திக்கு மருந்தைக் கெடுத்துவிட்டாரா? இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். “கெட்டிருந்தா நாளையில இருந்து நான் வரல்ல டாக்டரம்மா.”

“செரி, அது அங்கேயே இருக்கட்டும்” என்றார் டாக்டர். வேண்டாம் அண்ணாச்சி, எடுத்துக்கோங்க என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்த அண்ணாச்சி, வெறும் இடுப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தார்கள். ஐஸ் பாக்கெட்டுகள் பாதி உருகியிருந்தன. ஆனாலும் தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. “நேரா நோயாளி ரத்தத்துல போட்டுப் பாக்கப்பிடாது. நோயில்லாத ஒராளுக்க ரத்தம் வேணும்” என்றாள் ஸ்மைலின். அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டாக்டருக்கோ ஏதேதோ மாத்திரைகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி சட்டைக் கையை மடக்கிவிட்டு, சிங்கம் போலக் கையை நீட்டினார்.

இரண்டு சொட்டு ரத்தம், அதில் துளி ஆன்டிபாடி. குழாயை அலுமினியத் தாளில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தாள் ஸ்மைலின். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். இருபது நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும்.

“உள்ள என்ன செய்யுது?” என்று ஐந்தாவது நிமிடம் கேட்டார் அண்ணாச்சி.

“ஒட்டுது.”

பன்னிரண்டாவது நிமிடம்: “ஒட்டிட்டா?”

“அண்ணாச்சி, போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க.”

அவர் போகவில்லை. இழுப்பறைக்குக் காவல் நின்றார்.

பிறகு சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு ஸ்மைலின் குழாயை மெஷினில் மாட்டினாள். கன்னியாகுமரியில் பாறைக்குப் போகிற படகுக்கு ஜனம் வரிசையில் நகர்வது போல, அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் வெளிச்சத்தைக் கடந்து போயின. திரையில் முதலில் மங்கலான புள்ளிகள் ஓர் ஓரமாக விழுந்தன. அண்ணாச்சி கண்ணை எடுக்கவில்லை. அப்புறம், அவற்றுக்கு எட்டத்தில், தனிக் கூட்டமாகப் பளிச்சென்று புள்ளிகள் வந்து குவிந்தன.

டாக்டர் போன மாதத்துப் படங்கள் மூன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டம் அதே இடத்தில் இருந்தது. வெளிச்சமும் அதே அளவு.

“மருந்து கெடல்ல. பெட்டியப் பிரிக்காம வச்சது நல்லதாப் போச்சு. அலமாரியும் நல்ல இருட்டு” என்றார். சாவிக்கொத்தை ஒரு விரலால் அண்ணாச்சி பக்கம் தள்ளினார். “இனி ஒரு எழுத்து புரியல்லன்னாலும் போன் பண்ணிக் கேக்கணும். செரியா?”

“செரி டாக்டரம்மா.”

குளச்சல்காரியின் ரத்தம் அடுத்த குழாய்க்குள் இறங்கியது. அண்ணாச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று மனைவி சொர்ணம்மாளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்கு இன்னும் தெரியாது.

“ஏட்டி சொர்ணம், இன்னைக்கு இங்க என்ன நடந்துன்னு தெரியுமா? எலி மருந்த எனக்க ரத்தத்துல கலந்து, நாலு டாக்டருமாரு சுத்தி நிக்க, லேசர் அடிச்சுப் பாத்தாவ. ஒண்ணும் ஆகல்ல கேட்டியா! நான் சிங்கம் மாதிரி இருந்தேன்.”

“அய்யோ, ஒங்க மேல லேசர் அடிச்சாவளா?” என்று போன் அலறியது.

மெஷினிலிருந்து திரும்பாமலே ஸ்மைலின் குரல் கொடுத்தாள். “நம்பாதீங்க மைனி. டாக்டர் ஒராள்தான். லேசர் அடிச்சது குழாயில கெடந்த ரெண்டு சொட்டு ரத்தத்துக்கு. சிங்கம் ஊசியக் கண்டதும் கண்ண இறுக்க மூடிக்கிட்டு எனக்க கையப் பிடிச்ச பிடியில, இந்தா, வளையல் நெளிஞ்சு கெடக்கு.”