கடைசி அறையின் தாழ்ப்பாள்

பேய் உண்டா இல்லையா என்று என் அத்தை யோசித்ததே கிடையாது. யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஊரார் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொன்ன கட்டடத்தின் பெண்கள் வார்டில் சின்ன வயதிலேயே ஆயாவாகச் சேர்ந்து, அதை இழுத்து மூடும் நாள் வரைக்கும் அங்கேயே இருந்தவள் அவள். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கியதால் சாவியக்கா என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் கொஞ்சம் தாமதித்துத்தான் இன்றும் திரும்புவாள்.

அந்த வேலை அவள் உடம்பில் இரண்டு பழக்கங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்று, எந்த வாசலைத் தாண்டினாலும் பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இன்னொன்று, சாத்திய கதவுக்குப் பின்னால் யாராவது இருந்தால் இரண்டு தட்டு தட்டுவது. உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். வார்டில் அதுதான் முறை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க ஆயாக்கள் போதாது. பதில் வந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். அத்தை வீட்டில் நான் வளர்ந்த நாட்களில் குளியலறையிலிருந்து ஒரு தட்டு தட்டாமல் நான் குளித்ததே இல்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படிப்பு, வேலை என்று கடல் தாண்டிப் போனேன். ஒரு நாள் ரயிலில் யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். இடிந்த கட்டடம் ஒன்றில் கறுப்புச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறான். 'கடைசி அறைக்காரி' என்ற பெண் ஜன்னல் கம்பியில் தூக்கு மாட்டிச் செத்தாளாம். கதவை இரண்டு தட்டு தட்டினால் உள்ளேயிருந்து பதில் தட்டு கேட்குமாம். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் வீடியோவை நிறுத்தினேன். பயந்து அல்ல. அது அத்தையின் வார்டு. அந்தக் கடைசி அறையில் இருந்தவள் அத்தை வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில், உயிரோடு இருக்கிறாள். நான் அவளைச் சின்னத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

சின்னத்தை ரத்த உறவு இல்லை. கல்யாணமான புதிதில் பிரசவத்தில் குழந்தை இறந்தது. அதன் பிறகு அவள், "நானும் செத்துட்டேன், உள்ளே ஒண்ணும் இல்ல, வெறும் கூடு" என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்தினாள். புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை ஈரத் துணியில் சுற்றிப் போட்டார்கள். மூக்கில் குழாய் விட்டார்கள். மயக்க மருந்து இல்லாமல் கரண்ட் வைத்தார்கள். அத்தை கால் பக்கம் பிடித்துக்கொள்வாள். இதை அவள் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "பிடிக்கலேன்னா கட்டில்ல இருந்து விழுந்துடுவாங்கடி. அதனால பிடிச்சேன். சரியா தப்பான்னு கேக்காத."

ஆஸ்பத்திரியை மூடியபோது நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு இல்லாதவர்களை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி எங்கே போனது என்று ஆயாக்களுக்குச் சொல்லவில்லை. "இவ உனக்கு யாரு?" என்று அதிகாரி கேட்டதற்கு, "தங்கச்சி" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள் அத்தை. வாசல்படி ஏறும்போது ஒரு வாக்குக் கொடுத்தாளாம்: இனி எந்த ஆஸ்பத்திரியிலும் உன்னை விட மாட்டேன். அதற்குப் பிறகு சின்னத்தை மெல்ல மெல்லச் சாப்பிட்டாள், துணி மடித்தாள், சீட்டு விளையாட்டில் அத்தையை ஏமாற்றினாள்.

வீடியோ பார்த்த அன்றே போன் செய்தேன்.

"நீ இப்பதான் பாத்தியா? இங்க டிக்கெட் போட்டுப் பேய் காட்டுறானுங்க, தினமும் சாயங்காலம் நேரடி ஒலிபரப்பு," என்றாள் அத்தை. ஆஸ்பத்திரி ஆட்களுக்குக் கட்டிய பழைய குவார்ட்டர்ஸில்தான் அத்தை இன்னும் இருந்தாள்; அதன் சமையலறை ஜன்னல் பெண்கள் வார்டின் பின்சுவரைப் பார்த்திருக்கும். "அந்த மைக்குப் பய கத்துறது அப்படியே கேக்குது. கடைசி அறைக்காரி செத்தா, கடைசி அறைக்காரி செத்தான்னு."

"சின்னத்தைக்குக் கேக்குதா?"

"அதான்டி பிரச்சினை. சாப்பிட மாட்டேங்குறா. செத்தவளுக்கு எதுக்குங்குறா. டாக்டர் வந்து பாத்தாரு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்னுட்டாரு."

அன்றிரவே விமானம் ஏறினேன்.

சின்னத்தை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பால் ஆடை கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "நீயும் வந்துட்டியா? எப்ப செத்த?" என்று கேட்டாள், எந்த வண்டியில் வந்தாய் என்று கேட்பதுபோல. அத்தை என் தோளை அழுத்தினாள், பேசாதே என்று. உருட்டி, மிரட்டி, கெஞ்சி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிடையாய்க் கிடந்தாள் அத்தை. ஒன்றும் நடக்கவில்லை. அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அவள் கை பின்னால் நீண்டு தாழ்ப்பாளைப் போட்டது.

மறுநாள் மதியம் சின்னத்தையே வாய் திறந்தாள். "அக்கா, நான் செத்த இடத்தப் பாக்கணும்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க என்ன இருக்கு, குப்பையும் வவ்வாலும்."

"எல்லாரும் பாக்குறாங்க. நான் பாக்கக் கூடாதா?"

வேண்டாம் என்று நான் அத்தையிடம் தனியாகச் சொன்னேன். இன்னும் மோசமாகிவிட்டால்? அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கு மேல மோசம்னா எது? நாளைக்கு டாக்டர் வண்டி அனுப்புவாரு. நான் குடுத்த வாக்க நானே மிதிக்கணும். அதுக்கு முன்னாடி அவ கேட்டத ஒண்ணு செஞ்சிட்டுப் போறேன்."

மாலை வெயில் சாய்வதற்குள் மூன்று பேரும் போய் நின்றோம். சின்னத்தையால் நடக்க முடியவில்லை. இருவரும் தாங்கிப் பிடித்தோம். பத்துப் பதினைந்து பேர் கூட்டம், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த மைக்குப் பையன் அத்தையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆன்ட்டி, இதயக் கோளாறு எதுவும் இல்லயே? உள்ள ரொம்ப பயமா இருக்கும்."

"இருந்துச்சுன்னா உனக்கு இன்னொரு கதை கிடைக்கும்ப்பா. சீட்டக் குடு."

"அவங்களுக்கும் ஒண்ணு?"

"எனக்கு வேணாம்," என்றாள் சின்னத்தை. "நான் இங்கதான் செத்தேன்."

பையன் கைதட்டிச் சிரித்தான். "சூப்பர் ஆன்ட்டி. நீங்க என்னோடயே வேலைக்கு வந்துடுங்க."

வார்டுக்குள் காரை பெயர்ந்து கிடந்தது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கனத்த மரக் கதவுகள், ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். எல்லாம் துருவேறியிருக்க, கடைசி அறையின் தாழ்ப்பாள் மட்டும், எத்தனையோ பேர் ஆட்டிப் பார்த்ததால், பளபளத்தது. பையன் உள்ளே கூட்டிப்போய்க் கதை சொன்னான். வெள்ளை உடை, விரித்த கூந்தல், நடுச்சாமம். சின்னத்தை சுவரோரம் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டாள். கதை முடிந்ததும் பையன், "அடுத்து கரண்ட் ரூம்" என்று முன்னால் நடந்தான். கூட்டம் பின்தொடர்ந்தது. நானும் போனேன். கடைசியாக வெளியே வந்தவள் அத்தை.

கரண்ட் ரூமில் ஒரு நாற்காலி போட்டுச் சிவப்பு விளக்கு மாட்டியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டியது. பிள்ளைகள் மாற்றி மாற்றி உட்கார்ந்து நாக்கைத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தை நாற்காலியைப் பார்க்கவில்லை. கட்டில் கிடந்திருக்க வேண்டிய மூலையைப் பார்த்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, சின்னத்தை எங்கே?" என்றேன்.

அதற்குள் கூட்டம் தாழ்வாரத்துக்குத் திரும்பியிருந்தது. பையன் கடைசி அறைக் கதவுக்கு முன்னால் நின்று விரலை உதட்டில் வைத்தான். கதவு சாத்தியிருந்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. தன் கூட்டாளி யாராவது சாத்தியிருப்பான் என்று நினைத்திருக்கலாம். இரண்டு தட்டு தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

பிள்ளைகள் அலறியடித்து ஓடினார்கள். ஒருத்தியின் செருப்பு அங்கேயே கிடந்தது. பையன் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்று நினைக்கிறேன். அத்தை அவனைத் தள்ளிவிட்டுக் கதவிடம் போனாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதைத் தொட்டவள் கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். யார் கை போட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மறுபடி முயன்றாள். விரல்கள் பிடிக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

சின்னத்தை ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தாள். யாரும் தாங்காமல், தானாக.

"அக்கா, யாரு தாழ்ப்பாள் போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

எத்தனையோ வருஷமாக யாரும் அத்தையிடம் கேட்காத கேள்வி அது. அத்தை தன் கையைப் பார்த்தாள். சின்னத்தை பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, பையன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ சொன்னது பொய். இந்த ஜன்னல்ல கம்பி கிடையாது. பாரு, வலை அடிச்சிருக்கு. விரல்கூட நுழையாது. இங்க எதையும் மாட்ட இடமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகச் சொன்னாள்: "நான் தேடிப் பாத்திருக்கேன்."

அத்தை அப்படியே கதவு நிலையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தினமும் அந்தக் கதவைத் தட்டியவள். பதில் தட்டு வந்ததும் அடுத்த கதவுக்குப் போனவள்.

"அப்போ நான் இங்க சாகல," என்றாள் சின்னத்தை, கணக்கை ஒரு வழியாக முடித்தவள்போல. "தாகமா இருக்கு."

பையன் தன் பாட்டிலை நீட்டினான். முழுவதையும் குடித்தாள். வீட்டுக்கு வந்து பாலும் ரொட்டியும் சாப்பிட்டாள், சர்க்கரை போதவில்லை என்று குறைபட்டாள். டாக்டருக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொன்னேன். வாக்கு காப்பாற்றப்பட்டது. அத்தை அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை. அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்தத் தட்டுச் சத்தத்தை யாரோ படம் பிடித்திருந்தார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த கிழவியை வெட்டிவிட்டுத் தட்டை மட்டும் போட்டிருந்தார்கள். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. மைக்குப் பையன் மட்டும் ஒரு நாள் வந்து வாசலில் நின்று, கடைசி அறைக் கதையை விட்டுவிட்டதாகச் சொன்னான். "அப்போ இப்ப யாரச் சாகடிக்கிற?" என்று கேட்டாள் அத்தை. அவன் தலையைச் சொறிந்தான். கரண்ட் ரூமில் ஒரு நர்ஸாம்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை திருப்புளியை எடுத்து வீட்டிலுள்ள தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்னத்தையின் அறை, சமையலறை, பின்கதவு, கடைசியில் குளியலறை. திருடன் வருவான் என்றேன். "வரட்டும். வந்தவனத் திரும்பப் போக விடுற வீடா இருக்கட்டும்," என்றாள். கதவு நிலைகளில் ஆணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். ஆனாலும் வாசலைத் தாண்டும்போது அவள் கை பின்னால் நீண்டு, வெறும் மரத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. அதைக் கழற்றத் திருப்புளி கிடையாது.

மறுநாள் காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். காற்றில் திறந்துகொள்ளும் கதவை ஒரு காலால் முட்டுக் கொடுத்தபடி. வெளியே இரண்டு தட்டு. ஈரக் கையால் நான் ஒரு தட்டு தட்டினேன்.

"இருக்கா இருக்கா, உயிரோடதான் இருக்கா," என்றது சின்னத்தையின் குரல். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவள் அத்தையின் அறைப் பக்கம் போவது கேட்டது. அங்கேயும் இரண்டு தட்டு. பதில் வரக் கொஞ்சம் நேரமானது. சின்னத்தை நகராமல் நின்றாள். நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு தட்டு கேட்டது. அவள் அடுத்த கதவுக்குப் போய்விடவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.