கால் வந்துடுச்சு

இரும்புக் கட்டில் 'கிறீச் கிறீச்'சென்று கத்தும் சத்தம்தான் எனக்கு ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறை. காடாம்புலியூரில் பலா மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனி நடப்பது கஷ்டம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கால்கள் ஒரு மத்தியானம் தாமாகவே உதறிக் கட்டிலை ஆட்டியபோது, அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்து, "கால் வந்துடுச்சு" என்றாள். அவ்வளவுதான், ஷிப்ட் முடிந்து வந்தவர்களெல்லாம் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் உதறல் அடங்கி, அப்பா நிம்மதியாக உட்கார்ந்தார். எனக்கோ வயிறெரிந்தது. வந்த காலை இந்தப் பாழாய்ப்போன மாத்திரை துரத்துகிறதே! வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் "டூட்டி" என்பதால், அதை மட்டும் யாருக்கும் தெரியாமல் சாக்கடையில் போட ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் அப்பாவின் கால்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து கீழே தள்ளின. தாடையில் நாலு தையல். தொட்டால் தெரியாத கால் எப்படித்தான் அப்படி வலித்ததோ, அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பயிற்சி கொடுக்க வரும் அக்கா, "கால் வரலம்மா, இது நரம்பு இறுக்கம். மாத்திரைய டக்குனு நிறுத்திட்டீங்களா?" என்று கேட்க, இல்லவே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். நான் மாத்திரை டப்பாவை எடுக்க உள்ளே ஓடினேன்.

அன்றிலிருந்து ஒரு வேளை தவறவிட்டதில்லை. இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. நடக்கவில்லைதான், ஆனால் மூன்று சக்கர ஸ்கூட்டரில் பண்ருட்டிச் சந்தைவரை தனியாகப் போய்வரும் ஆளாகிவிட்டார்.

அந்த குவார்ட்டர்ஸ் இன்று எங்களுடையதில்லை, கட்டிலும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. போன மாதம் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டிவிட்டேன். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நாலு மாத்திரைக்கு மூணு வந்தா எனக்குத் தெரியாதாம்மா? கால் வந்துடும்னு நானும்தான் பாத்துக்கினு கெடந்தேன்."

முப்பது வருஷமாக நான் ஒருத்தியே செய்த தப்பு என்று சுமந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து செய்ததாம். அப்பாடா என்று அழுதேன்.