தலைவருக்காக ஒரு மன்றாட்டு

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் போதகராக இருந்த கோவிலை இரண்டு சபைகளாகப் பங்கிட்டுக்கொண்டோம். காலையில் பாஸ்டர் தானியேலின் சபை, பின்னேரம் எங்கள் தமிழ்ச் சபை. தானியேலின் நாட்டில் ஒரே கட்சி, ஒரே தலைவர். பிரசங்கத்தைக்கூட முதலில் கட்சிக்காரரிடம் காட்ட வேண்டும். அங்குள்ள பாஸ்டர்மார் பலர் தலையாட்டிப் பழகிவிட்டார்கள். இவர் ஆட்டாமல் தப்பி வந்தவர். தாயார் அங்கேயே இருந்தார்.

இரண்டு சபைகளும் சேரும் கூட்டு ஆராதனைக்கு முதல் நாள் தானியேல் முகம் வெளிறி வந்து நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவானது அரைகுறைப் பிரெஞ்சுதான்.

"நாளைக்குத் தூதரகத்து ஆள் வருகிறான். தலைவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அம்மாவை விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். நான் ஜெபித்தாலோ என் சனம் எழுந்து போய்விடும். அந்தத் தலைவரால் சிறைக்குப் போனவர்கள் அவர்கள்."

எனக்குக் குறுக்குப்புத்தி கொஞ்சம் உண்டு. "நாங்கள் தமிழில் ஜெபிக்கிறோம். அவனுக்குப் பெயர் கேட்கும். உங்கள் சனத்தைப் பொறுத்தவரை, ஜெபித்தது நீங்கள் இல்லை" என்றேன்.

எங்கள் சபையில் மன்றாட்டு நடத்துபவர் செல்வி அக்கா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நோய்களின் பெயரெல்லாம் பிரெஞ்சில் அத்துப்படி. அவரிடம் தலைவரின் பெயரையும் நாட்டையும் மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் சபையில் பெயர் சொல்லி ஜெபிப்பது வருத்தக்காரருக்கு, அதாவது நோயாளிகளுக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அக்கா கண்ணை மூடி, தலைவரின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். "ஆண்டவரே, இந்த ஐயாவின்ரை வருத்தத்தை நீர் அறிவீர். கிட்னியோ ஈரலோ, எதெண்டாலும் தொட்டுச் சுகமாக்கும்!" அழுதே விட்டார். முன்வரிசையில் இருந்த தூதரகத்து ஆள், தலைவரின் பெயரைக் கேட்டுத் திருப்தியாகத் தலையசைத்தான். தானியேலின் சனமும் எழுந்து போகவில்லை.

தேநீர் நேரத்தில் அக்கா ரோல்ஸ் பலகாரத் தட்டோடு அவனிடம் போனார். பிரெஞ்சில் கேட்டதைப் பிறகு எனக்கு அப்படியே சொன்னார்: "உங்கடை தலைவருக்கு இப்ப எப்பிடி? டயாலிசிஸ் செய்யினமோ எண்டு கேட்டனான், பாஸ்டர். பாவம், அவருக்கு ரோல்ஸ் புரைக்கேறிப்போச்சு."

அந்த நாட்டில் தலைவருக்குத் தடிமன், சளி என்று சொல்வதே குற்றம். நடந்ததை மேலிடத்துக்கு அறிவிக்கலாம் என்றால், ஜெபம் கேட்டதே தான்தான் என்றும் அவன் சொல்ல வேண்டும். தானியேலை மூலைக்கு இழுத்துப்போனான்.

"இனி இந்தக் கோவிலில் தலைவரின் பெயரே வரக்கூடாது. நான் இன்று இங்கே வரவும் இல்லை."

அடுத்த வாரம் தானியேலின் தாயார் தொலைபேசியில் பேசினார். அவரைத் தேடி யாரும் வரவில்லை. தானியேல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். நானும் அழுதேன்.

அக்காவோ வீட்டில் ஜெபத்தை நிறுத்தவில்லை. தானியேல் ஒருநாள் கவலையோடு வந்தார். "அந்தத் தூதரகத்து ஆளின் முகம் போன போக்கைப் பார்த்தால் வருத்தம் உண்மைதான் போலிருக்கிறது. தயவுசெய்து அக்காவை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தலைவர் சுகமாகிவிடப் போகிறார்!"

இளம் போதகர்களே, அதிகாரம் ஜெபம் கேட்டு வந்தால் மறுத்து மல்லுக்கட்ட வேண்டாம். மெய்யாகவே ஜெபிக்கிற ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அதை அவர்களால் தாங்க முடியாது.